மரப்பட்டை சொல்லும் சாட்சி

சீனாவின் ஹாங்சோ நகருக்கு அருகே, ஃபான்ஷான் கல்லறை மேட்டில் 1986இல் ஒரு பச்சைக்கல் சடங்குப் பொருள் கிடைத்தது. எடை 6.5 கிலோ. வெளியே சதுரம், உள்ளே வட்டத் துளை. இறகுக் கிரீடம் சூடிய முகத்தையும், அதன் கீழே உருட்டி விழிக்கும் விலங்கின் கண்களையும் தீப்பெட்டியை விடவும் சிறிய இடத்தில் மயிரிழைக் கோடுகளால் கீறியிருக்கிறார்கள். ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முந்தைய லியாங்சூ பண்பாட்டின் வேலை இது. நியூசிலாந்து மாவோரிகள் கழுத்தில் அணியும் ‘ஹெய்-டிக்கி’ பச்சைக்கல் உருவத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் பூர்வீகம் ஒன்றுதானோ என்று தோன்றும். ஆஸ்திரிய அறிஞர் ராபர்ட் ஹைனே-கெல்டர்ன் பசிபிக் கலைகளில் பழஞ்சீன வேர்களைத் தேடியதும் இத்தகைய ஒற்றுமைகளை நம்பித்தான். உறவு உண்டு என்பதே என் கருத்தும். ஆனால் அதற்குப் பச்சைக்கல்லைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

கல்லின் தடத்தைப் பிடித்துப் போனால் நடுக்கடலில் அறுந்துவிடுகிறது. தைவானின் பச்சைக்கல் பிலிப்பைன்ஸ், வியட்நாம் வரை போயிருக்கிறது. ஆனால் பசிபிக் தீவுகளான டோங்காவிலும் சமோவாவிலும் அந்த மரபு வேர்விடவில்லை. மாவோரிகளின் முன்னோர் நியூசிலாந்தில் கரையேறியதே 13ஆம் நூற்றாண்டு வாக்கில்தான். தெற்குத் தீவில் கிடைத்த கல்லைக் கொண்டு அவர்களே வளர்த்த கலை அது. பழஞ்சீனத்தின் ஷாங் அரசர்களின் சடங்கில் வேரைத் தேடினாலும் காலம் இடிக்கிறது. அவர்களின் தலைநகர் ஆன்யாங்கில் ஆமை ஓட்டைச் சுட்டு மூதாதையரிடம் குறி கேட்டது கி.மு. 13ஆம் நூற்றாண்டு முதல். அதற்குள் மாவோரிகள் உள்ளிட்ட பாலினேசியரின் முன்னோர் தைவானை விட்டுப் புறப்பட்டு, பிஸ்மார்க் தீவுக்கூட்டத்தையே எட்டிவிட்டார்கள். முன்னோர் வழிபாடு இரு பக்கமும் இருக்கிறதே என்றால், அது எந்த நாட்டில்தான் இல்லை?

நம்பத்தக்க சாட்சி காகித மல்பெரி மரம். அதன் உள்பட்டையை உரித்து ஊறவைத்து, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய கொட்டாப்புளியால் அடித்து அகலப்படுத்தினால் துணியாகிவிடும். டோங்கா அரச குடும்பத்தில் கல்யாணமோ சாவோ அந்தத் துணி இல்லாமல் நடக்காது. ஹவாய்க் கோயில்களில் கோபுரச் சட்டத்தையே அதனால் போர்த்தினார்கள். பள்ளம் வெட்டிய கல் அடிப்பான்கள் தென்சீனாவின் முத்தாற்று முகத்துவாரத்திலும் தைவானிலும் அகழ்வில் கிடைத்துள்ளன. 2015இல் வெளியான மரபணு ஆய்வு, பசிபிக் மரங்களின் தாய்வழியைத் தைவானில் கொண்டு சேர்த்தது. பழைய தீவு மரங்கள் ஏறக்குறைய எல்லாமே பெண் மரங்கள். ஆண் மரம் இன்றி விதை ஏது? பறவை கொண்டுவந்திருக்க வழியில்லை. வேர்க்கன்றைப் பொத்திப் பொத்திப் படகில் ஏற்றி வந்தவர்கள் மனிதர்கள்.

செடி வந்ததால் சடங்கும் வந்ததாகிவிடுமா? நியாயமான கேள்விதான். சாவு வீட்டில் துணி விரிக்கும் வழக்கம் தீவுகளிலேயே பிறந்திருக்கலாம். ஆனால் உடுக்க மட்டும்தான் என்றால் அந்த வெப்பத் தீவுகளில் இலையும் பாயும் போதும். பசியாற்றாத ஒரு கன்றை இடுக்கமான படகில் தீவுக்குத் தீவு சுமந்தார்கள் என்றால், அந்தத் துணிக்கு ஏதோ மேலான மதிப்பு புறப்படும்போதே இருந்தது என்று ஊகிப்பது மிகையல்ல.

இதைச் ‘சீனத் தாக்கம்’ என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. தென்சீனக் கடற்கரையிலிருந்து தைவானுக்குக் கடல் தாண்டியவர்கள் எந்தப் பேரரசின் குடிகளும் அல்லர். பேரரசு என்ற ஒன்றே அன்று இல்லை. பிற்காலத்தில் வடக்கின் நூல்கள் அந்தத் தெற்கத்திக் கடலோர மக்களை ‘யூவே’ என்றன. முடியைக் கத்தரித்து உடம்பில் பச்சை குத்திக்கொள்பவர்கள் என்று ஏதோ விநோதப் பிறவிகளைப் போலக் குறித்து வைத்தன. பாலினேசியத் தொடர்பைத் தேடுகிறவர்கள் ஆன்யாங் அரண்மனையை விட்டுவிட்டு, இந்தப் பச்சை குத்திய மக்களிடமிருந்து தொடங்கட்டும்.