'ஹார்டன் ஆஃப்' என்றால் என்ன?

ஊரிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்றை மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் டில்லிக்குக் கொண்டுவந்தேன். மே மாதம். மேற்குப் பார்த்த பால்கனியில் வைத்தேன். மூன்றே நாளில் இலைகள் வெளுத்து ஓரம் கருகிவிட்டன. தண்ணீர்தான் போதவில்லையென்று காலையும் மாலையும் ஊற்றித் தள்ளியதில் வேரும் அழுகியது.

பிறகுதான் ஒரு தோட்டக்கலைப் புத்தகத்தில் 'ஹார்டன் ஆஃப்' என்ற சொற்றொடரைப் பார்த்தேன். "செடியை எப்படியப்பா ஆஃப் பண்ணுவது?" என்றான் மகன். அணைப்பது அல்ல, நிழலில் வளர்ந்த கன்றை வெளியில் சிறிது சிறிதாகப் பழக்குவது. குளிர்தேசத்தார் இதைப் பெரும்பாலும் குளிருக்காகச் சொல்வார்கள். டில்லிவாசிகளான நமக்கு வெயிலுக்காக.

நிழலில் விட்ட இலை மெல்லியது. திடீரென்று கடும் வெயில் பட்டால் தாங்கமுடியாமல் அதன் பச்சையம் சிதைகிறது. அப்படிக் கருகிய இடம் மறுபடி பச்சையாவதில்லை. வெளிச்சத்திலேயே விடும் புதுத் துளிர்தான் தாக்குப்பிடிக்கும்.

ஆகவே முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம் போதும். தினமும் கொஞ்சம் கூட்டி, ஏழு முதல் பத்து நாட்கள் பழக்க வேண்டும். 'லூ' காற்று வீசும் நாட்களில் பச்சை வலை அவசியம். 50 சதவீத வலை என்றால் பாதி வெளிச்சத்தைத் தடுக்கும். செடிமேல் போர்த்திவிடாமல், காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

இரண்டாவது கன்றை இப்படித்தான் பழக்கினேன். இப்போது ரசத்துக்கு அதில்தான் கிள்ளுகிறோம். ஊர் வாசனை இல்லையென்று மாமியாருக்கு மட்டும் குறை.