தலைவர் அறையை விட்டு வெளியேறிய பின்

தலைமைத்துவம் இன்று மாணவத் தலைவர்கள் முதல் திணைக்களப் பணிப்பாளர்கள் வரை சகலருக்கும் போதிக்கப்படுகின்றது. ஆயினும் ஒரு தலைவரின் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. கண்டியிலும் அதனைச் சூழவுள்ள அக்குறணை, மடவளை, கம்பளை போன்ற ஊர்களிலும் பள்ளிவாசல் நிருவாக சபைகள், ஆலய பரிபாலன சபைகள், பழைய மாணவர் சங்கங்கள் எனப் பல அமைப்புகள் இயங்குகின்றன. அவற்றுட் சில, ஒருவரின் தோளிலேயே தங்கியிருந்து, அவர் நோயுற்றதும் முடங்கிப் போவதை நாம் கண்டே வருகின்றோம்.

தலைவர்கள் பிறவிப் பண்புகளாலேயே உருவாகின்றனர் என்பது பழைய கொள்கை. பண்புகள் மட்டும் போதா என்பதை 1948இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டொக்டில் எடுத்துக்காட்டினார். அதற்கு முன்னரே, 1939இல் வெளியான ஓர் ஆய்வில், கேர்ட் லெவினும் அவரது சகாக்களும் சிறுவர் குழுக்களைக் கைவேலையில் ஈடுபடுத்தி மூவகைத் தலைமைகளை ஒப்பிட்டனர். கட்டளையிடும் தலைவரின் முன்னிலையில் வேலை மும்முரமாகவே நடந்தது. இதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை பெருமளவு நின்றுபோயிற்று. கலந்தாலோசித்து வழிநடத்தப்பட்ட குழுவோ தலைவர் இல்லாதபோதும் ஏறக்குறைய முன்போலவே இயங்கியது.

இந்த அளவுகோலுக்கு உகந்த உதாரணம் கண்டி மண்ணிலேயே உண்டு. 1838இல் இங்கு பிறந்த சட்டத்தரணி எம். சி. சித்தி லெப்பை, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் வெளியான அவரது 'அசன்பேயுடைய சரித்திரம்' தமிழின் ஆரம்பகால நாவல்களுள் ஒன்று. எனினும் அவரது பெருங்கவலை முஸ்லிம்களின் கல்விப் பின்னடைவே.

1884இல் கொழும்பில் அவர் முன்னின்று ஆரம்பித்த பாடசாலை சமூகத்தின் போதிய ஆதரவின்றி நலிவுற்றது. அவரது ஆற்றலில் குறையில்லை, சூழல்தான் கனியவில்லை. ஒரே தலைவர் ஒரு சூழலில் வெல்வார், இன்னொன்றில் தோற்பார் என்று 1960களில் ஃபீட்லர் வகுத்த கொள்கையும் இதனையே கூறுகின்றது. சித்தி லெப்பை பிடிவாதமாகத் தனித்து நிற்கவில்லை. கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காரிடம் பொருள்வளமும் நிர்மாண அனுபவமும் இருந்தன. 1883இல் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவுக்கு மக்களிடையே பெருமதிப்பு இருந்தது. தம்மிடம் இல்லாதவை அவர்களிடம் இருப்பதை அறிந்து இணைந்து செயற்பட்டதன் பயனாக, 1892இல் மருதானையில் ஸாஹிரா உதயமாயிற்று. அதே ஆண்டில் கண்டிக்குக் குடிபெயர்ந்த பாஷா 1901 வரை இங்கேயே வாழ்ந்தார் என்பது நம் நகருக்குரிய மற்றொரு பெருமை.

சித்தி லெப்பை 1898இல் காலமானார். பாடசாலை நின்றுவிடவில்லை. 1921இல் ரி. பி. ஜாயாவும் 1948இல் ஏ. எம். ஏ. அஸீஸும் அதன் அதிபர்களாகி அதனை மேலும் உயர்த்தினர். அவர்கள் சித்தி லெப்பையின் வாரிசுகளோ அவரால் நியமிக்கப்பட்டவர்களோ அல்லர்.

கலந்தாலோசனை நமக்குப் புதிய சரக்கன்று. அல்குர்ஆனின் 42ஆவது அத்தியாயம் அப்பெயராலேயே 'அஷ்ஷூறா' என வழங்குகின்றது. திருக்குறளின் 52ஆவது அதிகாரம், தகுதியறிந்து ஆளைத் தெரிந்து பொறுப்பை ஒப்படைப்பது பற்றியது. எனினும் நம் சங்கங்கள் பலவற்றின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களில், பழைய தலைவரே "ஏகமனதாக" மீண்டும் தெரிவாகின்றார். வங்கிக் கணக்குப் புத்தகமும் காணி உறுதியும் அவர் வீட்டு அலுமாரியிலேயே இருக்கின்றன. அடுத்த கூட்டத்திற்கு முன் அவற்றின் பிரதிகளைச் செயலாளரிடமும், ஒரு பொறுப்பையேனும் முப்பது வயதுக்குட்பட்ட ஒருவரிடமும் கையளிக்க எந்த யாப்புத் திருத்தமும் தேவையில்லை.