கறுப்புத் திரை – 9: டிரைவ் இல்லாத ஃபோல்டர்

எந்த டிரைவை எங்கே மவுன்ட் செய்வது என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வரிக்கு ஆறு பத்திகள் என்று போன வாரம் பார்த்தோம். நான்காவது பத்தியில் ஒரு சொல்லை எழுதாமல் விட்டதால், ஒரு திங்கட்கிழமை காலை என் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்த கதை இது. அந்தச் சொல்லை எழுதிய பிறகு நடந்தது அதைவிட மோசம்.

கறுப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமுமாக ஓடின. பக்கத்தில் புரியாத ஒரு நீண்ட அடையாள எண், அதையடுத்து வினாடிக் கணக்கு. ஒன்றரை நிமிடம் எண்ணி முடித்ததும் 'எமர்ஜென்சி மோட்' என்று சொல்லி ரூட் பாஸ்வேர்டு கேட்டது. ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்றே நினைத்தேன். போனது அதுவல்ல, பேக்கப்புக்கு வைத்திருந்த எக்ஸ்டர்னல் டிரைவ். "மாமா, படம் காப்பி பண்ணிட்டு நாளைக்குத் தந்துடறேன்" என்று முந்தின நாள் அக்கா மகன் எடுத்துப் போயிருந்தான்.

எஃப்எஸ்டேப்பில் எழுதிய ஒவ்வொன்றும் இல்லாமல் தீராது என்றுதான் பூட்டை நடத்தும் சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும், வேறு மாதிரி நாம் சொல்லாதவரை. யூஎஸ்பி கேபிளில் தொங்குவதும் அதற்கு ஒன்றுதான். 90 வினாடி காத்திருக்கும். வராவிட்டால் பூட்டை அங்கேயே நிறுத்திவிடும். பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே போய், அந்த டிரைவின் வரியில் 'நோஃபெயில்' என்று சேர்த்தேன். ரீபூட். சத்தமில்லாமல் எழுந்தது. (எஸ்டிபி1 என்று டிவைஸ் பெயரை எழுதியிருப்பவர்கள் யூயூஐடிக்கு மாறிவிடுங்கள். இன்னொரு பென்டிரைவ் செருகியிருந்தால் அடுத்த பூட்டில் பி சி ஆகிவிடலாம்.)

அந்தச் சத்தமில்லாமல்தான் வினையே. இரவு 11 மணிக்கு கிரான் வழியாக, பேக்கப் எடுக்கும் ஆர்சிங்க் ஓடும். '/எம்என்டி/பேக்கப்' ஃபோல்டரில் கொண்டுபோய்க் கொட்டும். டிரைவ் மவுன்ட் ஆகியிருந்தால் அது டிரைவ். ஆகாதபோது அது ரூட் பார்ட்டிஷனில் இருக்கும் சாதாரணக் காலி ஃபோல்டர். ஆர்சிங்க் அதைக் கேட்காது. இன்னொரு டிஸ்க்கில் இருந்த என் போட்டோக்களை ரூட் இருக்கும் 120 ஜிபி எஸ்எஸ்டிக்குள் திணித்து, இடம் தீர்ந்ததும் நின்றது.

காலையில் டிரைவ் திரும்பி வந்தது. மவுன்ட் செய்தேன், பழைய பேக்கப் எல்லாம் பத்திரமாக இருந்தது. ஆனால் டிஎஃப் கட்டளை ரூட் 100 சதவீதம் நிரம்பியிருப்பதாகச் சொல்கிறது. டியூ கொடுத்துக் கூட்டினால் 20 ஜிபிகூட வரவில்லை. லாக் ஃபைல்களை அழித்தேன், பழைய கெர்னல்களை எடுத்தேன், அரை நாள் போனது. டிரைவை அன்மவுன்ட் செய்து அதே ஃபோல்டரைத் திறந்தபோதுதான் தெரிந்தது: போட்டோக்கள் அத்தனையும் அங்கே கிடந்தன. மேலே டிரைவ் மவுன்ட் ஆனதும் அடியில் இருந்தது மறைந்துவிட்டது. டியூ கண்ணுக்கு அது படாது. டிஎஃப் கணக்கில் மட்டும் இருக்கும்.

அழிப்பதற்கு முன் ஃபைண்ட்மவுன்ட் கொடுத்து, அங்கே எதுவும் மவுன்ட் ஆகியிருக்கவில்லை என்று இரண்டு முறை பார்த்தேன். மாறியிருந்தால் அசல் பேக்கப்பே போயிருக்கும்.

பிறகு ஆர்சிங்கை ஓட்டும் ஸ்கிரிப்டின் தலையில் ஒரு வரி சேர்த்தேன்: மவுன்ட்பாயின்ட் கட்டளை 'இல்லை' என்றால் ஆர்சிங்க் தொடங்கவே கூடாது. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. டிரைவ் இல்லாத நேரத்தில் அந்தக் காலி ஃபோல்டருக்கு 'சேட்டர் +ஐ' கொடுத்துவிட்டால், ஈஎக்ஸ்டி4-ல் ரூட்டே நினைத்தாலும் அதற்குள் ஒரு ஃபைல் எழுத முடியாது. மவுன்ட் மட்டும் வழக்கம்போல் நடக்கும். எஃப்எஸ்டேப்பைத் தொட்ட பிறகு, ரீபூட்டுக்கு முன் 'ஃபைண்ட்மவுன்ட் --வெரிஃபை' கொடுத்தால் எழுத்துப்பிழைகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

உங்கள் வரியிலும் நோஃபெயில் இருக்கிறதா? இன்றைக்கே டிரைவை அன்மவுன்ட் செய்துவிட்டு அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். காலியாக இருக்க வேண்டும்.

(தொடரும்)