ஆப்பிளின் சுவாசமும் கப்பலின் புகையும்

தூரதேசத்துப் பழத்தைவிட அயலூர்த் தோட்டத்துப் பழமே பூமிக்குக் குறைந்த பாரம் என்பது பார்த்தமாத்திரத்தில் மறுக்கவொண்ணாத நியாயமாகத் தோன்றினாலும், இங்கிலாந்தின் கென்ட் பிரதேசத்து ஆப்பிளை உதாரணமாகக் கொண்டு ஆராய்ந்தால், தூரத்தோடு காலத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும் என்பது புலனாகும்.

பறித்த பின்னும் ஆப்பிள் ஜீவனுள்ள வஸ்துவே. அது பிராணவாயுவை உட்கொண்டு, தன்னுள் இருக்கும் சர்க்கரையைச் சிறிது சிறிதாக எரித்து, உஷ்ணத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிட்டுக்கொண்டே இருப்பதால், சாதாரண அறையில் கிடந்தால் சில வாரங்களில் சதை மாவாகித் தோல் சுருங்கிவிடும். இந்தச் சுவாசத்தை மட்டுப்படுத்தவே, காற்றுப் புகாத கிடங்கைக் குளிரூட்டி, வெளியே 21 சதவீதமாயுள்ள பிராணவாயுவை உள்ளே ஒன்றிரண்டு சதவீதமாகக் குறைக்கிறார்கள். 1920களில் கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் என்னும் விஞ்ஞானிகள் செய்த ஆராய்ச்சியே இதற்கு அஸ்திவாரம். அக்டோபரில் பறித்த பழம் மே மாதம் வரை கெடாதிருக்க வேண்டுமானால், அத்தனை மாதமும் மின்சாரம் செலவாகும்.

நியூஸிலாந்திலோ அறுவடை பிப்ரவரியில் தொடங்கி மே வரை நீளும். அங்கிருந்து கப்பலில் இங்கிலாந்துக்கு வரும் பழத்துக்கும் குளிர் வேண்டுமெனினும், அது சில வாரங்களுக்கே. பெருங்கப்பலோ ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல, லாரி வெளிவிடும் கரியமில வாயுவில் சிறு பங்கையே வெளிவிடுகிறது. ஆகவே அக்டோபரில் கென்ட் பழத்துக்கு இருக்கும் ஐயமற்ற மேன்மை, வசந்தம் முதிர முதிரத் தேய்ந்து, தோட்டத்தின் விளைச்சலையும் மின்சாரம் உற்பத்தியாகும் விதத்தையும் பொறுத்துச் சில வேளைகளில் தலைகீழாவதும் உண்டு. ஆனால் ஆகாயவிமானம் கப்பலைவிடப் பல பத்து மடங்கு வாயுவை உமிழ்வதால், அதில் பறந்து வரும் மென்கனிகளுக்கு இந்த வாதம் சற்றும் பொருந்தாது.