தேக்குப் பெட்டியும் அரை அங்குலப் பட்டியும்
லண்டன் அண்டு நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேக்காக நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த தேக்குமரப் பயணிப் பெட்டிகளைச் சிறு மாதிரிகளாகச் செய்வோர், அவற்றின் நீள அகலங்களைக் காட்டிலும் பலகைகள் இணைக்கப்பட்ட முறையையே முதலில் அறிய வேண்டும். மரச்சட்டக் கூட்டின் மேல் பலகைகள் பொருத்தப்பட்டு, அவை சந்திக்கும் இடங்கள் ‘பீடிங்’ எனப்படும் மெல்லிய மரப்பட்டிகளால் மூடப்பட்டன. ஆகவே பீடிங் வெறும் அலங்காரமன்று, மழைநீர் இடுக்குகளில் இறங்காமல் காத்த உறுப்பு அது. அரை அங்குலம் புடைத்திருக்கும் ஒரு பட்டி, பிரிட்டனில் பரவலான 1:76 அளவில் ஏறத்தாழ 0.17 மி.மீ. மட்டுமே வரும் என்பதால், அதைச் சற்றே தடிப்பாக்கினாலும் மாதிரியின் முகமே மாறிவிடும்.

நிறத்தில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். வண்ணம் பூசாமல் வார்னிஷ் மட்டும் ஏற்றிய தேக்கில் ஒவ்வொரு பலகையும் தன் ரேகையையும் சாயலையும் தனித்தே காட்டும். பக்கச்சுவர் முழுவதற்கும் ஒரே பழுப்பைத் தீட்டுவது, என்னதான் நேர்த்தியாகச் செய்தாலும், மரத்தின் இயல்பையே மறைப்பதாகும். கித்தான் போர்த்திய கூரை புதிதில் வெண்மையாக இருந்து, எஞ்சின் புகையால் விரைவில் சாம்பல் நிறமேறியது என்பதால், எந்த ஆண்டின் பெட்டி என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். இங்கிலாந்தின் பாரம்பரிய ரயில்பாதையான செவர்ன் வேலி ரயில்வேயில் இத்தகைய பெட்டிகள் இன்றும் ஓடுகின்றன. எனினும் புதுப்பிக்கும்போது பலகைகள் மாற்றப்பட்டிருக்கலாமாதலால், அக்கால நிழற்படங்களோடு ஒப்பிட்டே அவற்றிலிருந்து அளவெடுப்பது முறை.