பாய்காட் துரையும் பறையடித்தவர்களும்

ஆங்கிலப் பத்திரிகைகளில் தினமும் அடிபடும் இரண்டு சொற்கள். ஒன்று அயர்லாந்திலிருந்து இங்கே வந்தது. மற்றது தமிழகத்திலிருந்து அங்கே போனது.

ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம் பற்றி உலவும் கதைகளில் பல வெறும் கட்டுக்கதை. ஆடம்பரத்தைக் குறிக்கும் 'பாஷ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குக் கப்பலேறிய துரைமார்கள் வெயில் படாமலிருக்க வரும்போது இடப்பக்க அறையும் திரும்பும்போது வலப்பக்க அறையும் கேட்டார்களாம். அதைக் குறிக்கும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளை டிக்கெட்டில் முத்திரையாகக் குத்தினார்களாம். அப்படி முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. நான்கு திசைகளின் முதலெழுத்துகள் சேர்ந்து 'நியூஸ்' ஆனது என்பதும் இதே ரகம். 'புதியவை' என்பதுதான் அதன் நேரடிப் பொருள்.

'பாய்காட்' அப்படியல்ல. அதற்கு ஊர், வருடம், ஆள் எல்லாமே உண்டு. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபு என்ற நிலச்சுவான்தாரின் ஏஜெண்டாக இருந்தவர் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட். ராணுவத்தில் இருந்து விலகிய ஆங்கிலேயர். 1880ல் விளைச்சல் சரியில்லை. குத்தகையில் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள் விவசாயிகள். பத்து சதவீதத்துக்கு மேல் முடியாது என்றார் பிரபு. பாக்கி வைத்தவர்களை வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பினார் பாய்காட்.

அப்போது அங்கே நில உரிமைச் சங்கம் தீவிரமாக இயங்கிக்கொண்டிருந்தது. வெளியேற்றப்பட்டவனின் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவனை அடிக்க வேண்டாம், தொழுநோயாளியைப் போல ஒதுக்கிவையுங்கள் என்று அதன் தலைவர் பார்னெல் அந்த செப்டம்பரில்தான் பேசியிருந்தார். அந்த உபதேசம் பாய்காட்டின் மீது பாய்ந்தது. பண்ணையாட்கள் நின்றுவிட்டார்கள். வீட்டு வேலைக்காரர்கள் போய்விட்டார்கள். கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். வயலில் டர்னிப்பும் உருளைக்கிழங்கும் அப்படியே கிடந்தன. கடைசியில் வடக்கிலிருந்து ஐம்பது பேர் அறுவடைக்கு வந்தார்கள், அவர்களுக்குக் காவலாகச் சுமார் ஆயிரம் துருப்புகள். அறுத்தது ஏறத்தாழ 500 பவுண்டு பெறுமான விளைச்சல், அதற்கு ஆன செலவு 10,000 பவுண்டு என்று கணக்கிட்டார்கள். ஒரு டர்னிப்புக்கு ஒரு ஷில்லிங் என்று கேலி செய்தார் பார்னெல். டிசம்பர் முதல் தேதி பாய்காட் அயர்லாந்தை விட்டே கிளம்பினார். அதற்குள் அவர் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது. ஒதுக்கிவைப்பதற்கு ஆங்கிலத்தில் ஏற்கனவே இருந்த கிரேக்க வழிச் சொல் குடியானவர்கள் வாயில் நுழையாது என்று, அந்த ஊர்ப் பாதிரியார் ஜான் ஓமாலி இந்தப் பெயரையே சொல்லாக்கிக் கொடுத்ததாக அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதியிருக்கிறார். மறுவருடம் அமெரிக்கா போனபோது பாய்காட் தன் குடும்பப் பெயரை மறைத்து 'சார்லஸ் கன்னிங்ஹாம்' என்று பயணம் செய்ய வேண்டியிருந்தது.

(நம் ஊர் ரசிகர்களுக்குத் தெரிந்த பாய்காட் கிரிக்கெட் வீரர் ஜெஃப்ரி. நிறவெறித் தென்னாப்பிரிக்காவை விளையாட்டு உலகம் பகிஷ்கரித்திருந்தபோது, 1982ல் அங்கே போய் ஆடி மூன்று வருடத் தடை வாங்கினார். பெயர்ப் பொருத்தம்!)

இந்தியாவுக்கு இந்தச் சொல் 25 வருடத்தில் வந்து சேர்ந்தது. வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905 ஆகஸ்ட் 7ல் கல்கத்தா டவுன் ஹாலில் பிரிட்டிஷ் பொருட்கள் பகிஷ்காரத் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் காரியம் நமக்குப் புதிதா? கடையில் சாமான் கிடையாது, கிணற்றில் தண்ணீர் கிடையாது, வண்ணார் வரமாட்டார், நாவிதர் வரமாட்டார். இதற்கு நம் கிராமங்களில் ஊர்விலக்கு என்று பெயர். ஒரே ஒரு வித்தியாசம். மேயோவில் எளியவர்கள் வலியவரை ஒதுக்கினார்கள், இங்கே அது தலைகீழ்.

'பகிஷ்காரம்' என்ற வடசொல்லே இந்த முரணைக் காட்டிக்கொடுக்கிறது. 1928ல் சைமன் கமிஷனை காங்கிரஸ் பகிஷ்கரித்தது. அதே வருடம் அதே கமிஷன் முன்பு புனாவில் சாட்சியம் சொன்னார் அம்பேத்கர். எந்த அமைப்பின் சார்பில்? 1924ல் அவர் தொடங்கிய 'பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா'வின் சார்பில். பகிஷ்கரிக்கப்பட்டோர் நலச் சபை என்று பொருள். தேசியவாதிகளுக்கு மூன்று மாதப் போராட்டமாக இருந்த சொல், இவர்களுக்குப் பிறப்பு அடையாளம்.

ஆங்கில அகராதியில் அந்தப் பிறப்பு அடையாளத்துக்கு இருக்கும் சொல் 'பரையா'. தமிழ்ப் 'பறையர்'தான் அது. புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், கடம்பன் ஆகியோருடன் பறையனையும் சேர்த்துப் பெருமையாகவே பேசுகிறது. போர்ச்சுக்கீசியர் வழியாகப் பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இது ஆங்கிலத்தில் ஏறியது. முதலில் ஒரு சாதியின் பெயராக மட்டும். 1791ல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தென் த சேன்-பியர் ஒரு 'பரையா'வைக் கதாநாயகனாக்கிக் குறுநாவல் எழுதினார். பிறகு மேடை நாடகங்கள் வந்தன. யாராலும் சேர்க்கப்படாதவன் எவனும் 'பரையா' என்றானது. ஐரோப்பியர் கையில் பொருள் மாறிப்போனதை, தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல்லும் ஹென்றி யூலும் தொகுத்து 1886ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியே சொல்கிறது. யாரும் திருத்திக்கொள்ளவில்லை.

இங்கே அந்தப் பெயருக்குரியவர்கள் சும்மா இருக்கவில்லை. 1893ல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்கு 'பறையன்' என்றே துணிந்து பெயர் வைத்தார். எம்.சி. ராஜா வேறு வழி தேர்ந்தார். அவர் முயற்சியால் 1922ல் சென்னை மாகாண அரசு பறையர், பஞ்சமர் என்ற சொற்களை விட்டு 'ஆதிதிராவிடர்' என்று எழுத ஒப்புக்கொண்டது. அரசாங்கக் கோப்பிலிருந்து அகற்ற முடிந்ததை ஆங்கிலத்திலிருந்து அகற்ற முடியவில்லை.

சட்டம் இப்போது பாய்காட் சொல்லையும் பிடித்திருக்கிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015ல் கொண்டுவந்த திருத்தத்தில், அவர்கள் மீது சமூக அல்லது பொருளாதார பகிஷ்காரம் விதிப்பது தனிக் குற்றம். மகாராஷ்டிரம் 2016ல் சமூக பகிஷ்காரத்துக்கு எதிராகத் தனிச் சட்டமே இயற்றியது. சாதிப் பஞ்சாயத்துகள் ஒதுக்கிவைத்த குடும்பங்களின் புகார்கள்தான் அதற்குக் காரணம்.

'பரையா'வுக்கு எந்தச் சட்டமும் இல்லை. வடகொரியா பற்றிய ஆங்கிலக் கட்டுரை மொழிபெயர்ப்புக்கு வந்தால் அதில் எங்காவது 'பரையா நாடு' என்று இருக்கும். எழுதியவருக்கு அதில் ஒரு மக்களின் பெயர் இருப்பது தெரிந்திருக்காது. தமிழில் அதை அப்படியே எழுத முடியாது. எழுதினால் அது வசைச்சொல். 'உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாடு' என்று எழுதுகிறோம். தலைப்பில் வந்தால்தான் தொல்லை. ஒரு சொல்லுக்கு நான்கு சொல் ஆகிறது, எழுத்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கிறது.