விருந்தாளியா? வீட்டுப் பிள்ளையா?



பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பி, முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் கையில் ஏறத்தாழ ஓராண்டு ஒப்படைப்பது எளிதான செயல் அல்ல. ஆயினும், மாணவர் பரிமாற்றத் திட்டங்களின் வழியாக உலகின் பல நாடுகளிலிருந்தும் பிள்ளைகள் ஆண்டுதோறும் செர்மனிக்குச் செல்கின்றனர். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்த ஊர்ப் பள்ளியில் படித்துத் திரும்புகின்றனர். அந்தக் குடும்பத்தில் அவர்களின் அன்றாட வாழ்வு எப்படி இருக்கும் என்பதைச் சற்று காண்போம்.

போரின் சாம்பலில் முளைத்தது

இத்திட்டங்களின் வேர் போர்க்களத்தில் இருக்கிறது. இரு உலகப் போர்களிலும் காயமுற்றோரை ஆம்புலன்சில் ஏற்றிச் சென்ற 'அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ்' என்ற தன்னார்வ அமைப்பினர், 1947-இல் மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கினர். 1951-இல் 75 செர்மானிய இளையோர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குச் சென்று, அங்குள்ள இல்லங்களில் தங்கினர். போர் முடிந்து ஆறே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நேற்றைய எதிரியின் பிள்ளைக்குத் தம் வீட்டில் படுக்கை விரித்தார்கள் அந்தக் குடும்பத்தினர். இதிலிருந்துதான் 'யூத் ஃபார் அண்டர்ஸ்டாண்டிங்' என்ற அமைப்பு வளர்ந்தது. ஒரே மேசையில் பல மாதங்கள் உண்டவரைப் பகைப்பது கடினம் என்ற எளிய நம்பிக்கையே இதன் அடித்தளம்.

இந்த அமைப்புகளின் வழியாக மாணவரை ஏற்கும் செர்மானியக் குடும்பங்கள் அதற்காக ஊதியம் பெறுவதில்லை. உணவும் இடமும் மனமுவந்து தருகிறார்கள். இதை மனத்தில் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

1. பெயர் சொல்லி அழைத்தல்

செர்மன் மொழியிலும் 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு உண்டு: 'டூ', 'சீ'. ஆசிரியரையும் அறிமுகம் இல்லாத பெரியவர்களையும் 'சீ' என்றே அழைக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குள் எல்லாரும் 'டூ'தான். ஏற்கும் தாய் தந்தையரைப் பெரும்பாலும் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பழகாத நம்மைப் போன்றவர்களுக்கு இது நாக்கில் வராது. ஆனால் அங்கே இது மரியாதைக் குறைவு அன்று. 'நீ எங்கள் வீட்டைச் சேர்ந்தவன்' என்பதற்கு அடையாளம்.

2. உணவு மேசை

காலையில் ரொட்டி, வெண்ணெய், பழக்கூழ். மரபாக மதியத்தில்தான் சூடான உணவு. மாலையில் 'ஆபென்ட்புரோட்', அதாவது மாலை ரொட்டி: ரொட்டித் துண்டுகள், பாலாடைக்கட்டி, இறைச்சி வகைகள், ஊறவைத்த வெள்ளரி. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் சூடான உணவு இரவுக்கு மாறுவதும் உண்டு. செர்மனியில் 3,000-க்கும் மேற்பட்ட ரொட்டி வகைகள் பதிவாகியுள்ளன. ஆயினும், சோறு தின்று வளர்ந்த பிள்ளைக்கு இரவில் ஆறிய ரொட்டி தொண்டையில் இறங்கச் சில வாரங்கள் ஆகும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் "போதும்" என்று சொன்னாலும் இன்னொரு கரண்டி விழும். அங்கே "வேண்டாம், நன்றி" என்று ஒருமுறை சொன்னால் மறுபடி கேட்கமாட்டார்கள். அது அன்பின்மை அன்று. உன் சொல்லை அப்படியே ஏற்று மதிக்கிறார்கள். கூச்சத்தால் மறுத்த பிள்ளை, அன்றிரவு பசியோடு படுக்க நேரிடும்!

3. வீட்டு ஒழுங்கு

பல வீடுகளில் சமையலறைச் சுவரில் குடும்ப நாள்காட்டி தொங்கும். யாருக்கு எப்போது பல் மருத்துவர், யாருக்கு எப்போது இசை வகுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். இரவு உணவுக்கு வர இயலாவிட்டால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குளிர்காலத்திலும் சன்னலை அகலத் திறந்து சில நிமிடங்கள் காற்றை மாற்றுவார்கள். குப்பையிலும் ஒழுங்கு உண்டு: தாள் தனி, உணவுக் கழிவு தனி, உறைகள் தனி, கண்ணாடிப் புட்டிகளையும் நிறவாரியாகப் பிரிக்க வேண்டும்.

பாத்திரங்களை அடுக்கி வைக்கவோ, குப்பைத் தொட்டியை வெளியே வைக்கவோ சொல்லும்போது, 'என்னை வேலைக்காரனாக்குகிறார்களே' என்று சில பிள்ளைகள் மனம் நோவதுண்டு. உண்மை வேறு. விருந்தாளியை யாரும் வேலை ஏவுவதில்லை. வீட்டுப் பிள்ளையைத்தான் ஏவுவார்கள்.

4. பள்ளி

செர்மானியப் பள்ளியில் 1 என்பதே மிக உயர்ந்த மதிப்பெண். 6 மிகத் தாழ்ந்தது. எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. வகுப்பில் கை உயர்த்திப் பேசுவதும் மதிப்பெண்ணில் சேரும். அமைதியாக அமர்ந்திருப்பதே நல்ல மாணவனின் இலக்கணம் என்று வளர்ந்தவர்கள் இதில் தடுமாறுவார்கள். ஆசிரியரை மறுத்துக் காரணம் சொல்வது அங்கே துடுக்குத்தனம் அல்ல.

5. ஞாயிறு

ஞாயிறு ஓய்வு நாள் என்பது அந்நாட்டு அரசியல் சட்டத்திலேயே காக்கப்படுகிறது. 1919-ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டத்தில் இருந்த இவ்விதி, 1949-இல் இன்றைய அடிப்படைச் சட்டத்திலும் இணைக்கப்பட்டது. பெர்லின் நகரில் திருவருகைக் கால ஞாயிறுகள் நான்கிலும் கடைகளைத் திறக்க அனுமதித்த சட்டத்தை எதிர்த்து கத்தோலிக்க உயர்மறைமாவட்டமும் சீர்திருத்த சபையும் வழக்குத் தொடுத்தன. 2009 டிசம்பர் 1 அன்று, நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

எனவே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். துளையிடும் கருவியோ, புல்வெட்டும் இயந்திரமோ ஒலிக்காது. குடும்பமாக நடைப்பயணம், பிற்பகலில் காப்பியும் கேக்கும். முதலில் சலிப்பூட்டும் இந்த நாள்தான், பின்னர் குடும்பத்தோடு மனம்விட்டுப் பேசும் நாளாகிறது. ஆனால் எல்லாரும் ஆலயம் செல்வார்கள் என எதிர்பார்க்கலாகாது. இன்று கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்தும் அந்நாட்டு மக்களில் பாதிக்கும் குறைவே. திருப்பலிக்குச் செல்ல விரும்பும் பிள்ளை அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

6. திருவருகைக் காலம்

டிசம்பரில்தான் வீட்டு ஏக்கம் மிகுதியாகும். நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அப்போது மேசையில் திருவருகைக்கால வளையம் வைத்து, வாரம் ஒரு மெழுகுதிரியாக ஏற்றுவார்கள். 1839-இல் ஹம்பர்க்கில் ஏழைச் சிறார் இல்லம் நடத்திய வீகர்ன் என்ற லூத்தரன் இறையியலார் தொடங்கிய வழக்கம் இது. டிசம்பர் 6 அன்று புனித நிக்கோலாஸ் விழாவில், முந்தைய இரவு வைத்த காலணியில் இனிப்புகள் இருக்கும். டிசம்பர் 24 மாலையே பரிசுகள் வழங்கப்படும். வீட்டுப் பிள்ளைகளின் காலணிகளோடு தன் காலணியும் நிரம்பியிருக்கக் காணும் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பிணக்கு வரும்போது

எல்லாம் இனிமையாகவே இருக்கும் என்று சொல்வது பொய்யாகும். நாள் முழுவதும் அந்நிய மொழி கேட்டுக் களைத்த பிள்ளை, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் தாய்மொழியில் பேசுகிறது. 'நம்மைப் பிடிக்கவில்லை போலும்' என்று குடும்பம் நினைக்கிறது. 'குளியலறையில் அதிக நேரம் எடுக்கிறாய்' என்று அவர்கள் நேராகச் சொன்னால், 'என்னை வெறுக்கிறார்கள்' என்று பிள்ளை நினைக்கிறது. இரண்டும் தவறான முடிவுகள். ஆனால் யாரும் பேசாவிட்டால் இரண்டும் உண்மையாகிவிடும்.

இதற்காகவே ஒவ்வொரு மாணவருக்கும் உள்ளூரில் ஒரு தன்னார்வலர் துணையாக நியமிக்கப்படுகிறார். முயன்றும் ஒத்துவராவிட்டால் குடும்பத்தை மாற்றிக்கொள்ள வழி உண்டு. அதில் அவமானம் ஏதும் இல்லை. தொந்தரவோ பாதுகாப்பின்மையோ நேர்ந்தால் ஒருநாளும் பொறுத்திருக்கக் கூடாது.

பெற்றோரும் ஒன்றை உணர வேண்டும். நாள்தோறும் அழைத்து, "சாப்பிட்டாயா? அழுதாயா?" என்று கேட்பது அன்புதான். ஆனால் அது பிள்ளையை அங்கே வேரூன்ற விடாது. வாரம் ஒருமுறை நிதானமாகப் பேசுவது இருவருக்கும் நல்லது.

அன்பார்ந்தவர்களே, பிள்ளையை அனுப்பும் துணிவைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அதைவிடப் பெரிய துணிவு, யாரோ பெற்ற பிள்ளைக்குத் தன் மேசையில் நாற்காலி போடுவது. மொழியும் நிறமும் சமயமும் வேறான ஒரு பிள்ளை நம் வாசலில் பெட்டியோடு வந்து நின்றால், ஓராண்டு வேண்டாம், ஒரு வாரமாவது நம் வீட்டுப் பிள்ளையாக ஏற்போமா? குடும்பமாக அமர்ந்து சிந்திப்போம்.